வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் கணக்கு எழுதலாம்

திருச்சி தில்லைநகரில் மாடியில் ஒரே ஓர் அறை. ஒன்பது வருடமாக அங்கே உட்கார்ந்து மனநல ஆலோசனை பார்க்கிறேன். வரவேற்பில் ஆள் கிடையாது. போன் எடுப்பது, நேரம் கொடுப்பது, பணம் வாங்குவது, ரசீது கிழிப்பது, பெருக்குவது எல்லாம் நானே. தனியாகத் தொடங்கப்போகும் பிள்ளைகள் வந்து, “மேடம், எந்த ஆப் நல்லது?” என்று கேட்கிறார்கள். ஆப்பை அப்புறம் பார்க்கலாம். அறைக்குள் பேசியது அறையிலேயே கிடக்கும். வெளியே கசிவதெல்லாம் போனிலும் ரசீதிலும் குறிப்பேட்டிலும்தான். அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் ‘நாளை மாலை 4 மணிக்கு உங்கள் கவுன்சிலிங்’ என்று வாட்ஸ்அப் அனுப்புவேன். ஒரு நாள் ஒரு பெண்ணின் போன் அவர் மாமியார் கையில் இருந்திருக்கிறது. அந்தப் பெண் அதன்பின் வரவே இல்லை. இப்போது என் செய்தி இவ்வளவுதான்: ‘நாளை 4 மணி, தில்லைநகர்.’ கீழே என் பெயர்கூட இருக்காது.

முதல் நாள் படிவத்தில் பெயர், வயதுக்குக் கீழே மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். இந்த எண்ணை வேறு யாராவது எடுப்பார்களா? செய்தி அனுப்பலாமா? வேறு யாராவது எடுத்தால் நான் என்ன சொல்லட்டும்? ஒருவர், “டெய்லர் கடைன்னு சொல்லிடுங்க மேடம்” என்றார். பொய் சொல்ல மாட்டேன், பேசாமல் வைத்துவிடுகிறேன் என்றேன். அவருக்கு அதுவே போதும் என்றிருந்தது.

தொழிலுக்கென்று தனி சிம் வாங்குங்கள். வாங்கிய பிறகு அந்த எண் ட்ரூகாலரில் என்ன பெயரில் தெரிகிறது என்று அவ்வப்போது பாருங்கள். நாலு பேர் ‘சைக்காலஜிஸ்ட் மேடம்’ என்று சேமித்துவிட்டால், நீங்கள் கூப்பிடும்போது அடுத்தவர் திரையில் அதுதான் வரும். கூகுள் பே, போன்பே பெயரும் அப்படியே. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வங்கிக் கணக்கு உள்ள வீடுகள் எத்தனையோ. பணம் போன இடத்தில் ‘மனநல மையம்’ என்று இருந்தால் அன்று இரவே விசாரணை. என் கியூஆர் அட்டையில் என் பெயர் மட்டும்தான்.

பணம் கேட்கக் கூச்சப்பட்டு நான் இழந்தது கொஞ்சமில்லை. அழுது முடித்தவரிடம் 800 ரூபாய் கேட்க வாய் வராது. “அடுத்த வாரம் சேர்த்துத் தர்றேன்” என்பார்கள், அடுத்த வாரம் வர மாட்டார்கள். இப்போது உட்கார்வதற்கு முன்பே வாங்கிவிடுகிறேன். வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்ல வேண்டும், இல்லையென்றால் பாதிக் கட்டணம். இது படிவத்திலேயே இருக்கிறது. சாவு வீட்டுக்கும் காய்ச்சலுக்கும் விலக்கு. முகூர்த்த நாளில் எப்படியும் பாதிப் பேர் வர மாட்டார்கள். தினசரி காலண்டரைக் கிழிக்கும்போதே பார்த்து அன்று நேரம் கொடுக்காமல் விடுங்கள்.

அந்தப் படிவத்தில் இன்னொன்றும் கட்டாயம் வேண்டும்: எப்போது ரகசியம் காக்க முடியாது என்பது. உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டாரிடம் சொல்வேன். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால், போக்சோ சட்டம், 2012, 19-ஆம் பிரிவின்படி காவல்துறையில் தெரிவித்தாக வேண்டும். இதை வாயாலும் சொல்லுங்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற ஊர் இது.

குறிப்பு எழுதுவதில்தான் எல்லோரும் தோற்கிறோம். 50 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் எழுத்து. அந்தப் பத்து நிமிடத்தில் காபி குடித்தால் இரவு பதினொரு மணிக்கு யார் எதைச் சொன்னார்கள் என்று குழம்புவீர்கள். நான் மூன்று வரிதான் எழுதுவேன். அவர் சொன்னது, நான் கண்டது, அடுத்த முறை தொட வேண்டியது. ‘கணவர் கொடுமைக்காரர்’ என்று எழுதாதீர்கள், அது உங்கள் தீர்ப்பு. ‘கணவர் பேச்சு வந்ததும் குரல் இறங்கியது’ என்று எழுதுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சிகிச்சை பெறுகிறவருக்குத் தம் அடிப்படைப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை தருகிறது. அவரே எதிரில் உட்கார்ந்து வாசித்தாலும் நீங்கள் தலைகுனியாத மாதிரி எழுதுங்கள். கோப்பின் மேல் பெயர் வேண்டாம், எண் போதும். எந்த எண் யாருடையது என்பது தனி நோட்டில், தனிப் பூட்டில்.

வெள்ளி 10.30 முதல் 12 வரை ராகு காலம். புதிதாக வருகிறவர்கள் யாரும் அந்த நேரத்தைக் கேட்பதில்லை. எனக்கு அதுதான் கணக்கு நேரம். ரசீதுப் புத்தகத்தையும் வங்கி வரவையும் ஒத்துப் பார்ப்பேன், விட்டுப்போன குறிப்பை முடிப்பேன். ரசீதில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று மட்டும் இருக்கும், வரிசை எண் விடாமல் ஓடும். வருமான வரியை ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள். அவருக்குத் தொகையும் தேதியும் போதும், பெயர்ப் பட்டியல் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

கல்லூரியிலிருந்து, மாப்பிள்ளை வீட்டிலிருந்து, சில நேரம் வக்கீல் ஆபீஸிலிருந்து போன் வரும். “எங்க பையன் அங்க வர்றானா?” என்பார்கள். வருகிறான் என்றும் இல்லை என்றும் சொல்லாதீர்கள். “யார் வர்றாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லைங்க” என்பது என் வாய்ப்பாடு. ஆலோசனைக்கு வருகிறவரே கைப்பட எழுதித் தந்தால்தான் வெளியாருக்குக் கடிதம் கொடுப்பேன், அதுவும் அவர் கேட்ட அளவுக்கு. நீதிமன்றச் சம்மன் வந்தால் பதறிக் கோப்பைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், முதலில் உங்கள் வக்கீலைப் பாருங்கள்.

டெங்குவில் நான் இரண்டு வாரம் படுத்தபோது போனை என் வீட்டுக்காரர் எடுத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் ஒவ்வொருவரிடமும் பெயர், ஊர், என்ன பிரச்சினை என்று பரிவோடு விசாரித்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். எழுந்ததும் முதல் வேலையாக அந்தத் தாளைக் கிழித்தேன். பிறகு இதே தொழிலில் உள்ள ஒரு தோழியிடம் ஒட்டிய உறை ஒன்று கொடுத்தேன். பெயர் நோட்டு எங்கே, பூட்டு எது, யாரை உடனே கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவருடைய உறை என் பீரோவில் இருக்கிறது.