வெஜ் சாப்பாட்டுலயே புரோட்டீன் கணக்கை சரி பண்ணது

மூணு மாசமா ஸ்குவாட் (தோள்ல எடையை வெச்சு உக்காந்து எழுற பயிற்சி) 60 கிலோவுலயே நின்னுடுச்சு, தூக்கம் சரியாத்தான் இருக்கு, ஜிம்முக்கும் தவறாம போறேன், கடைசில ஒரு வாரம் சாப்பிடுறதையெல்லாம் தராசுல வெச்சு எழுதிப் பார்த்தா ஒரு நாளைக்கு 45 கிராம் புரோட்டீன்தான் வருது. என் எடை 62 கிலோ, எடை தூக்குறவங்களுக்குப் பொதுவா சொல்ற மாதிரி கிலோவுக்கு 1.6 கிராம்னா கிட்டத்தட்ட 100 வேணும். பருப்பு இருக்கேன்னு நம்பிட்டு இருந்தேன், அதுல புரோட்டீனை விட மாவுச்சத்துதான் ஜாஸ்தி.

கை கொடுத்தது சோயா சங்க்ஸ் (மீல் மேக்கர்), காய்ஞ்சது 50 கிராம்லயே 25 கிராம் கிட்ட கிடைக்குது. வெந்நீர்ல ஊறவெச்சு நுரைத்தண்ணி போற வரைக்கும் ரெண்டு மூணு தடவை ஒட்டப் பிழியணும், இல்லேன்னா அந்த வாடை போகவே போகாது. மத்தியானம் அது, ராத்திரி 100 கிராம் பனீர், வொர்க்அவுட் முடிஞ்சதும் ஒரு ஸ்கூப் வே (பால்லேருந்து எடுக்கற புரோட்டீன் பவுடர்). ரெண்டு மாசத்துல ஸ்குவாட் 70 தாண்டிருச்சு, அவ்வளவு சந்தோஷம் எனக்கு!