காசியில் அறை பிடித்த விதம்

காசியில் கங்கைக்கரை ஹோட்டல்கள் படத்தில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் கோதோலியா சந்திப்போடு ஆட்டோ நின்றுவிடும், அப்புறம் சந்து, மாடு, படிக்கட்டு என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அம்மாவுக்கோ முழங்கால் வலி. அதனால் நட்சத்திர மதிப்பெண்ணை எல்லாம் விட்டுவிட்டு, போன் போட்டு, ஆட்டோ எதுவரை வரும், லிஃப்ட் உண்டா என்று மட்டும் கேட்டேன். ஒரு லாட்ஜ்காரர் ‘பக்கம்தான், பக்கம்தான்’ என்றாரே தவிர எத்தனை படி என்று கடைசிவரை சொல்லவில்லை!

சரி என்று, சாலை கிட்டேயே வரும் அஸ்ஸி காட் (படித்துறை) பக்கம் அறை எடுத்தோம். தசாஸ்வமேத காட் ஆரத்திக்குப் படகிலேயே போய்விடலாம் (மழைக்காலத்தில் கங்கை ஏறினால் படகை நிறுத்திவிடுவார்கள்).

காலையில் உள்ளூர்க்காரர்கள் மொய்க்கும் கடையில் சுடச்சுடக் கச்சோரி, ஜிலேபி. குளிர்காலமென்றால் மண்சட்டியில் ‘மலையோ’ என்கிற குங்குமப்பூ போட்ட பால்நுரை, வெயில் ஏறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். இட்லிக்கு ஏங்குபவர்கள் தமிழ்க் குடும்பங்கள் வாழும் அனுமன் காட் பக்கம் விசாரியுங்கள்.