லீவு நாளில் பெங்களூரு ஆசியன் சூப்பர் மார்க்கெட்: கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து முதல் தடவை போகிறவர்களுக்கு

பட்டியல் இல்லாமல் உள்ளே நுழைந்தால் பாட்டில் பாட்டிலாகக் கூடையில் ஏறும். பாதிக்கு மேல் ஃபிரிட்ஜ் கதவிலேயே காலாவதியாகிவிடும். அதனால் கிளம்பும் முன்பே, என்ன சமைக்கப் போகிறோம் என்பதைத் தோழியோடு பேசி முடிவு செய்யுங்கள். நம் பக்கத்துக்காரர்கள் தாய்லாந்தின் வதக்கிய நூடுல்ஸான பாட் தாயில் தொடங்குவது நல்லது. அதன் புளிப்பு புளியிலிருந்தே வருகிறது; மேலே தூவுவது வறுத்த நிலக்கடலை. இரண்டும் நம் இரண்டு மாவட்டங்களிலும் விளைகிறவை. கடையில் வாங்க வேண்டியது அரிசி நூடுல்ஸ், மீன் சாஸ், கெட்டி டோஃபு (சோயா பால் கட்டி), அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் வேடிக்கை பார்க்க.

1. நாளும் வழியும்

வெள்ளி மாலையும் தொடர் விடுமுறைக்கு முந்தின நாளும் வேண்டாம். ஓசூர் ரோடு நகராது. ஞாயிறு காலை நிதானமாகக் கிளம்புங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கி.மீ., ஓசூரிலிருந்து 40 கி.மீ. பஸ்ஸில் வருகிறவர்கள் கண்டக்டரிடம் சொல்லி பொம்மசந்திராவில் இறங்கி, 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் தடத்தைப் பிடிக்கலாம். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டாமல் ஆர்.வி. ரோடு வரை போய், அங்கே பச்சைத் தடத்துக்கு மாறலாம். கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையம் இல்லை. தர்மபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாக ரயில் உண்டு.

மேப்பில் 'கொரியன் மார்ட்', 'ஏசியன் மார்ட்' என்று தேடி, திறந்திருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். ஒரே கடை போதும். இரண்டு கடை என்று திட்டமிட்டால் ஓய்வு நாள் அலைச்சலாகிவிடும். ஐஸ் பேக் போட்ட ஒரு கூல் பேக் மறக்காதீர்கள்.

2. கடைக்குள்

முதல் சுற்றில் கூடை எடுக்காதீர்கள். ஒவ்வொரு வரிசையாக நடந்து பாருங்கள். கொச்சுஜாங் என்பது கொரிய மிளகாய் விழுது, மிசோ என்பது ஜப்பானியப் புளித்த சோயா விழுது, நோரி என்பது கடற்பாசித் தாள். வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெயை நல்லெண்ணெய் மாதிரி தாளிக்க ஊற்றினால் கசக்கும். கடைசியில் சில துளி விடுவதற்கே அது. ரசித்துவிட்டு வைத்துவிடுங்கள், அடுத்த தடவைக்கு ஆகும்.

இரண்டாவது சுற்றில் கூடை. ஒருவர் பட்டியலைப் பார்க்க, இன்னொருவர் லேபிளைப் படியுங்கள்:

- நூடுல்ஸ்: 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டை அரிசி நூடுல்ஸ். சேமியா போல மெல்லியது வேண்டாம், வாணலியில் கட்டியாகிவிடும். 400 கிராம் பொட்டலம் நாலு பேருக்கு வரும். தோழியோடு பாதி பாதி பிரித்துக்கொள்ளலாம்.
- மீன் சாஸ்: சேர்மானத்தில் நெத்திலியும் உப்பும் முதலில் இருக்க வேண்டும். இருப்பதில் சின்ன பாட்டில் போதும். சைவமென்றால் லைட் சோயா சாஸ்.
- டோஃபு: 'சில்கன்' என்றிருந்தால் வாணலியில் உடைந்து கூழாகும். கெட்டியானதைக் கேளுங்கள்.

சைவர்கள் பச்சைப் புள்ளியைத் தேடுங்கள். பழுப்பு முக்கோணம் அசைவம். காய்கறி கிம்சியிலும் (கொரிய ஊறுகாய்) இறால் அல்லது மீன் சாஸ் இருப்பது சகஜம். இறக்குமதியாளர் முகவரியும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிம எண்ணும் கொண்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கொரிய, ஜப்பானியப் பொருள்களில் தேதி ஆண்டில் தொடங்கும்: 2026.03.05 என்றால் மார்ச் 5. தாய்லாந்துப் பொட்டலத்தில் 2569 என்றிருந்தால் பயப்பட வேண்டாம், அது புத்த ஆண்டு. 543 கழித்தால் 2026.

டோஃபுவைக் கடைசியாக எடுத்து, பில் போட்டதும் கூல் பேக்கில் வையுங்கள். அதனால் சாப்பாடு, டீ எல்லாம் கடைக்குப் போவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

3. வீட்டில் (இரண்டு பேருக்கு)

சாஸ்: 40 கிராம் புளியை 100 மில்லி வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். அதில் 3 மேசைக்கரண்டி எடுத்து, பொடித்த வெல்லம் 3 மேசைக்கரண்டி, மீன் சாஸ் 2 மேசைக்கரண்டி சேர்த்துச் சிறுதீயில் வெல்லம் கரையும்வரை வையுங்கள். மீன் சாஸின் வாடை சூடேறும்போது பலமாக வரும். சமைத்த பிறகு அந்த அளவு தெரியாது. சோயா சாஸ் என்றாலும் அதே 2 தான். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள்.

நூடுல்ஸ்: 200 கிராமை சாதாரண நீரில் 30 முதல் 40 நிமிடம் ஊறவையுங்கள். வளைய வேண்டும், நடுவில் கொஞ்சம் விறைப்பும் இருக்க வேண்டும். வேகவைத்தால் வாணலியில் இரண்டாம் தடவை வெந்து குழைந்துவிடும். பெரும்பாலும் பாட் தாய் கெடுவது இந்த இடத்தில்தான்.

வதக்கல்: ஒரு தடவைக்கு ஒரு ஆள் பங்குதான். நம் வீட்டு அடுப்பின் தீ, இரண்டு பங்கைச் சேர்த்துப் போட்டால் தாங்காது. நூடுல்ஸ் வறுபடாமல் ஆவியில் ஒட்டிக்கொள்ளும். இரும்பு வாணலி நன்றாகக் காய்ந்ததும் 2 மேசைக்கரண்டி கடலை எண்ணெய் விட்டு, 20 நிமிடம் கனம் வைத்து நீர் பிழிந்த டோஃபு 75 கிராமைப் பொன்னிறமாக்குங்கள். இரண்டு பல் பூண்டு, பிறகு நூடுல்ஸ், சாஸில் பாதி. விறைப்பு தெரிந்தால் கையளவு நீர் தெளியுங்கள். நூடுல்ஸை ஓரம் தள்ளி ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, பாதி வெந்ததும் கலந்துவிடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு ஒரு கைப்பிடி முளைகட்டிய பச்சைப்பயறு, வெங்காயத்தாள், கொரகொரப்பாகப் பொடித்த வறுத்த நிலக்கடலை சேருங்கள். எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தட்டோரம். டோஃபுவுக்குப் பதில் பனீர் வேண்டாம், அதன் பால் வாசனை இந்தப் புளிப்போடு சேராது.

மிஞ்சிய டோஃபுவைத் தண்ணீரில் மூழ்கவைத்து, தினமும் நீர் மாற்றி, மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். திறந்த மீன் சாஸ் ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் இருக்கும். அடியில் உப்புப் படிகம் தெரிந்தால் கெட்டுப்போகவில்லை, குலுக்கிவிட்டுப் பயன்படுத்தலாம்.