இறக்கின போலோவுல அகலமான வீல்: உரசாம மாட்டுறது எப்படி?

ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு ஏறுனா 40 கொண்டை ஊசி வளைவு. என் ஃபோக்ஸ்வேகன் போலோவோட உயரத்தை ஸ்பிரிங் மாத்தி இறக்கி, புது அலாய் வீல் மாட்டி ரெண்டு வாரம் கோயம்புத்தூருக்குள்ள ஓட்டுனப்ப ஒரு சத்தமும் இல்ல, சரி செட் ஆயிடுச்சுன்னு நெனச்சு வீட்டுல இருக்குற அஞ்சு பேரையும் டிக்கி நிறைய பையையும் ஏத்திட்டு வால்பாறை கிளம்பினேன். மூணாவது வளைவுல பின்னாடி இருந்து "ஸ்ஸ்ரக்"னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் ஒவ்வொரு வளைவுலயும் அதேதான். மேல போய் இறங்கிப் பார்த்தா வலது பக்க பின் டயரோட தோள்ல விரல் அகலத்துக்கு ரப்பர் சீவி எடுத்த மாதிரி இருக்கு, வீலுக்கு மேல வளைஞ்சு நிக்குற ஃபெண்டர் விளிம்புல பெயின்ட் போய் தகரம் பளபளன்னு தெரியுது. வீல் வித்த கடையில "கண்டிப்பா ஃபிட் ஆயிடும் சார்"னு சொன்னாங்க, ஃபிட் ஆகத்தான் செஞ்சுது, ஆனா ஆளில்லாத வண்டிக்கு.

அன்னைக்குப் புரிஞ்சதுதான் இந்தப் பதிவு முழுக்க. உரசுமா உரசாதான்னு வீலை வாங்குறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர், ஒரு ஸ்கேல் வச்சு முக்கால்வாசி கண்டுபிடிச்சிடலாம். மீதி கால்வாசியை லோடு ஏத்திப் பார்த்தாதான் தெரியும். நான் போலோவை வச்சு சொல்றேன், ஸ்விஃப்ட், ஐ20, ஜாஸ் எதுவா இருந்தாலும் முறை இதேதான், நம்பர் மட்டும் மாறும்.

ஸ்டெப் 1: முதல்ல இறக்குங்க, அப்புறம் வீல் வாங்குங்க

நிறைய பேர் இதை தலைகீழா பண்றாங்க. ஸ்பிரிங் மாத்தின உடனே வண்டி இருக்குற உயரம் கடைசி உயரம் இல்ல, ஒரு சில நூறு கிலோமீட்டர் ஓடினதும் இன்னும் கொஞ்சம் உக்காரும். அது உக்கார்ந்த பிறகுதான் அளக்கணும். வீலோட நடு மையத்துல இருந்து நேர் மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் அளந்து எழுதி வைங்க, பின்னாடி ரொம்ப உதவும்.

இன்னொண்ணு, கம்பெனி ஸ்பிரிங்கை கட் பண்ணி இறக்காதீங்க. வெட்டின ஸ்பிரிங் சீட்ல சரியா உக்காராது, வண்டி லேசா தூக்கினா கழண்டு ஆடும், ஸ்டிஃப்னஸும் கணக்கு இல்லாம மாறிடும். 30, 35 மிமீ இறக்குற லோயரிங் ஸ்பிரிங் தனியா கிடைக்குது, நம்ம ரோட்டு ஸ்பீடு பிரேக்கருக்கு அதுவே போதும்னு நான் நெனக்கிறேன். பம்ப் ஸ்டாப் நல்லா இருக்கான்னும் அப்பவே பாருங்க, ஏன்னா டயர் எவ்வளவு மேல போகலாம்னு கடைசியா முடிவு பண்றது அந்த சின்ன ரப்பர் துண்டுதான்.

ஸ்டெப் 2: பழைய வீலோட பின்பக்கத்தைப் படிங்க

ஒரு வீலைக் கழட்டி திருப்பிப் போட்டு, அழுக்கைத் துடைச்சுப் பாருங்க. 6ஜே x 15, இடி 40 (6J x 15, ET 40) அப்படிங்கிற மாதிரி எழுதியிருக்கும். 6ஜேன்னா ரிம் அகலம் 6 இன்ச். 15ங்கிறது விட்டம். இடிங்கிறதுதான் ஆஃப்செட், எல்லாப் பிரச்சனையும் அதுலதான். ரிம்மை அகலவாக்குல சரி பாதியா வெட்டினா வர்ற நடுக்கோட்டுக்கும், வண்டில வீலைத் தாங்குற ஹப்புல போய் ஒட்டுற முகத்துக்கும் நடுவுல இருக்குற தூரம்தான் அது. இடி 40ன்னா அந்த ஒட்டுற முகம் நடுக்கோட்டுல இருந்து 40 மிமீ வெளிப்பக்கமா இருக்கு. நம்பர் குறைய குறைய வீல் வெளியே வரும், கூடக் கூட உள்ள போகும். இதை மட்டும் மனசுல ஆணி அடிச்ச மாதிரி வச்சுக்கோங்க.

போலோவுக்கு பிசிடி (PCD, போல்ட் ஓட்டைங்களோட எண்ணிக்கையும் அதுங்க நிக்குற வட்டத்தோட விட்டமும்) 5x100, நடு ஓட்டை 57.1 மிமீ, போல்ட் எம்14 x 1.5. வாங்குற வீல்ல பிசிடி மேட்ச் ஆகலைன்னா அந்தப் பேச்சே வேண்டாம்.

ஸ்டெப் 3: பேப்பர்ல கணக்கு

பழசு 6ஜே இடி 40, புதுசு 16 இன்ச் 7ஜே இடி 38ன்னு வச்சுப்போம். ரிம் 1 இன்ச் அதாவது 25.4 மிமீ அகலமாகுது, அதுல பாதி 12.7 உள்ளயும் பாதி 12.7 வெளியேயும் போகும். ஆஃப்செட் 2 குறைஞ்சதால மொத்த வீலும் 2 மிமீ வெளியே நகருது. ஆக வெளிப்பக்கம் 12.7 + 2 = 14.7 மிமீ கூடுது, உள்பக்கம் 12.7 - 2 = 10.7 மிமீ கூடுது. அவ்வளவுதான் கணக்கு. இதே 7.5ஜே இடி 35 வாங்கினா வெளியே 24 மிமீ, உள்ள 14 மிமீ. பார்க்க அழகா இருக்கும், ஆனா இறக்கின வண்டில ஃபெண்டர் வேலை பண்ணாம அது ஓடாது, அதனால முதல் தடவை பண்றவங்களுக்கு நான் 7ஜேவைத் தாண்டச் சொல்ல மாட்டேன்.

இந்த கணக்கு ரிம்முக்கு மட்டும்தான். ஒரே டயரை அகலமான ரிம்ல ஏத்தினா டயரும் கொஞ்சம் விரியும், அரை இன்ச்சுக்கு ஏறக்குறைய 5 மிமீ. 6ஜேல இருந்த 195 டயர் 7ஜேல ஏறினா 10 மிமீ அகலமாயிடும்னு எடுத்துக்கோங்க.

டயர் உயரமும் பார்க்கணும். என் போலோவோட கம்பெனி டயர் 185/60 ஆர்15 (அகலம் 185 மிமீ, பக்கச் சுவர் உயரம் அதுல 60 சதவீதம், ரிம் 15 இன்ச்), விட்டம் 603 மிமீ. 195/50 ஆர்16 போட்டா 601, கிட்டத்தட்ட அதே, ஸ்பீடோமீட்டரும் ஏமாத்தாது. 205/45 ஆர்16 ன்னா 591, ஃபெண்டர் இடைவெளி கொஞ்சம் கூடக் கிடைக்கும் ஆனா வண்டியோட அடி இன்னும் 6 மிமீ தரைக்கு கிட்ட வரும். 195/55 ஆர்16 போட்டா 621, இறக்கின வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம். அதோட லோடு இண்டெக்ஸ், இதை யாரும் பார்க்குறதே இல்ல. கம்பெனி டயர்ல 84ன்னு போட்டிருந்தா ஒரு டயர் 500 கிலோ தாங்கும்னு அர்த்தம். 205/45 ஆர்16ல சில டயர் 83தான், 487 கிலோ. 84க்கு கீழ வாங்காதீங்க. என் வண்டில இப்போ இருக்கிறது 7ஜே இடி 38, டயர் 195/50 ஆர்16 84.

ஸ்டெப் 4: வண்டில இடம் இருக்கான்னு அளங்க

வெளிப்பக்கத்துக்கு கொத்தனார் வச்சிருப்பாங்களே தூக்குக்குண்டு, அது போதும், இல்லைன்னா நூல்ல ஒரு நட்டு கட்டிக்கோங்க. ஃபெண்டர் விளிம்போட உச்சில செல்லோடேப் வச்சு நூலைத் தொங்க விட்டு, நூலுக்கும் டயரோட புடைப்புக்கும் நடுவுல எவ்வளவு இருக்குன்னு ஸ்கேல் வச்சுப் பாருங்க. வண்டி சமதரைல, ஸ்டீயரிங் நேரா இருக்கணும். நாலு பக்கமும் தனித்தனியா அளக்கணும், இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்காது, என் வண்டிலயே பின்னாடி ரெண்டு பக்கத்துக்கும் 4 மிமீ வித்தியாசம், அதான் அன்னைக்கு வலது பக்கம் மட்டும் உரசுச்சு.

உள்பக்கத்துல, முன் வீலுக்குப் பார்க்க வேண்டியது ஷாக் அப்சார்பர் ஸ்ட்ரட்டும் டயரும் கிட்ட வர்ற இடம். கையை விட்டு ஆலன் கீ ஒண்ணொண்ணா நுழைச்சுப் பாருங்க. 10 மிமீ கீ தாராளமா போகுது ஆனா கணக்குப்படி உள்ள 10.7 கூடப் போகுதுன்னா அந்த ஆஃப்செட் உங்களுக்கு ஆகாது.

இங்க ஒரு விஷயம். ஸ்ட்ரட்டும் வீலும் சேர்ந்தேதான் மேல கீழ போகும், அதனால உள்பக்க இடைவெளி பள்ளத்துல விழுந்தாலும் பெருசா மாறாது, புது டயர் ஏறின பிறகு 5 மிமீ மிச்சம் இருந்தாலே நிம்மதி. ஃபெண்டர் அப்படி இல்ல, அது பாடியோட நிக்கும், வீல் அதுக்குள்ள ஏறி ஏறி இறங்கும், வளைவுல பாடி சாயும்போது அந்தப் பக்கம் இன்னும் கிட்ட வரும். நின்னுட்டு இருக்கும்போது வெளியே இருக்குற இடைவெளியை நம்பி வீல் வாங்கினதுதான் நான் பண்ணின தப்பு.

ஸ்டெப் 5: ரிங்கும் போல்ட்டும்

கடை அலாய்ல நடு ஓட்டை 73.1 மாதிரி பெருசா இருக்கும், எல்லா வண்டிக்கும் விக்கணுமே. அந்த இடைவெளியை அடைக்க 73.1க்கு 57.1 ஹப் ரிங் வாங்கிப் போடுங்க. இல்லைன்னா வீல் நடுவுல உக்காராம 80, 100ல ஸ்டீயரிங் நடுங்கும், பேலன்சிங் எத்தனை தடவை பண்ணினாலும் போகாது.

போல்ட்தான் எனக்கு ரொம்ப கவலை. ஃபோக்ஸ்வேகன் கம்பெனி போல்ட்டோட தலைக்குக் கீழ உருண்டையா இருக்கும், பந்து மாதிரி. வெளியே கிடைக்குற அலாய்ல பெரும்பாலும் ஓட்டை கூம்பு வடிவம். பழைய போல்ட்டை அதுல போட்டா மாட்டும், டைட்டும் ஆகும், ஆனா ஒரு மெல்லிசு வட்டத்துல மட்டும்தான் தொட்டுக்கிட்டு இருக்கும், ஓட ஓட லூஸ் ஆயிடும். சந்தேகமா இருந்தா போல்ட்டோட அந்த வளைவுல மார்க்கர் தடவி, ஈரம் காயுறதுக்குள்ள வீல் ஓட்டைல வச்சு ஒரு சுத்து சுத்தி எடுங்க. நூல் மாதிரி ஒரு கோடு மட்டும் அழிஞ்சிருந்தா தப்பான போல்ட், பட்டையா அழிஞ்சிருந்தா சரியானது. நீளமும் முக்கியம், கையால போட்டு முழுசா முறுக்கும்போது 9 சுத்துக்கு மேல போகணும். ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல வைக்குற தட்டு, போடுற ஐடியா இருந்தா அதோட தடிமனுக்கு ஏத்த மாதிரி போல்ட்டும் நீளமா வாங்கணும், இதுல மிச்சம் புடிக்காதீங்க ப்ளீஸ்.

ஸ்டெப் 6: மாட்டுங்க

சமதரை, ஹேண்ட் பிரேக், எதிர்ப்பக்க வீலுக்கு கல்லு. ஜாக்கிய மட்டும் நம்பி கையை உள்ள விடாதீங்க, ஸ்டாண்டு வைங்க. ஹப் முகத்துல துரு இருந்தா வயர் பிரஷ் போட்டு தேய்ச்சிடுங்க. கையாலயே எல்லா போல்ட்டையும் ஏத்தி, ஒண்ணு விட்டு ஒண்ணா நட்சத்திரம் மாதிரி முறுக்கி, வண்டிய ஜாக்கில இருந்து இறக்கின பிறகு டார்க் ரெஞ்ச்ல 120 என்எம் (நியூட்டன் மீட்டர்) வச்சு டைட் பண்ணுங்க. காத்து அடிக்குற கன் வச்சு கடைசி டைட் கொடுக்க விடாதீங்க.

ஸ்டெப் 7: சப்பாத்தி மாவு டெஸ்ட்

வால்பாறைக்கு முன்னாடியே நான் இதைத் தெரிஞ்சுக்கிட்டிருந்தா டயர் மிஞ்சியிருக்கும். எண்ணெய் இல்லாம கெட்டியா கொஞ்சம் சப்பாத்தி மாவு பிசைஞ்சு, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டிக்கோங்க. ஃபெண்டர் விளிம்போட உள்பக்கம், ஃபெண்டர் லைனரோட (ஃபெண்டருக்கு உள்ள இருக்குற பிளாஸ்டிக் உறை) முன்பக்கம் பின்பக்கம், பின் பம்பரும் ஃபெண்டரும் சேர்ற இடத்துல இருக்குற ஸ்க்ரூ, இந்த இடமெல்லாம் ஈரத்துணியால துடைச்சு காயவிட்டு ஒவ்வொரு உருண்டையா அழுத்தி ஒட்டுங்க, தூசி இருந்தா ஒட்டாது.

அப்புறம் உண்மையிலேயே நாலு பேரை ஏத்துங்க, டிக்கில அரிசி மூட்டை இருந்தா அதையும் வைங்க. காலி கிரவுண்டுல மெதுவா ஸ்டீயரிங்கை ஃபுல்லா ஒடிச்சு ரெண்டு பக்கமும் வட்டம் அடிங்க, ரிவர்ஸ்லயும் அடிங்க. ஸ்பீடு பிரேக்கரை ஒரு தடவை நேரா, ஒரு தடவை சாய்வா ஏறுங்க, சாய்வா ஏறும்போதுதான் ஒரு வீல் மட்டும் முழுசா உள்ள போகும். இறங்கிப் பார்த்தா கதை தெரிஞ்சிடும்: உருண்டை அப்படியே இருந்தா கவலையில்ல, டயர் கோடு பதிஞ்சு சப்பையா இருந்தா எவ்வளவு தடிமன் மிச்சம்னு பாருங்க, 3 மிமீக்கு கீழ இருந்தா அந்த இடத்துல வேலை இருக்கு.

உரசினா?

எங்க உரசுதுங்கிறதைப் பொறுத்து வைத்தியம். லைனர்ல மட்டும்னா சுலபம், ஹீட் கன்ல லேசா சூடு காட்டி உள்ளங்கையால பின்னாடி தள்ளிப் புடிச்சா அப்படியே நின்னுடும், துருத்திக்கிட்டு இருக்குற ஸ்க்ரூவை தட்டைத் தலை ஸ்க்ரூவா மாத்துங்க. ஸ்ட்ரட்ல தொடுதுன்னா 3 அல்லது 5 மிமீ ஸ்பேசர், ஆனா உள்ள கிடைக்குற அந்த 5 மிமீ வெளியே போய் நிக்கும்ங்கிறது ஞாபகம் இருக்கட்டும். முழு லோடுல மட்டும் கொஞ்சமா உரசுதுன்னா பம்ப் ஸ்டாப்புக்கு மேல பேக்கர்ங்கிற தடிப்புத் துண்டு வச்சு வீல் அவ்வளவு தூரம் ஏறாம நிறுத்தலாம், சவாரி கொஞ்சம் இறுக்கமாகும்.

ஃபெண்டர் விளிம்புன்னா ரோலிங் பண்ணணும், அதாவது விளிம்பை உள்பக்கமா மடக்கணும். முன் ஃபெண்டர் தனித் தகரம், போல்ட்ல நிக்குறது, தப்பானாலும் மாத்திடலாம். பின்பக்கம் பாடியோட சேர்ந்தது, ரெண்டு தகரம் ஒண்ணா மடிஞ்சு நடுவுல சீலர் இருக்கும். மடக்கும்போது சீலர் விரிசல் விட்டுச்சுன்னா மழைக்காலத்துல உள்ள தண்ணி போய் துரு பிடிச்சு, ஒரு வருஷம் கழிச்சு வெளியே கொப்புளம் மாதிரி வரும். அதனால பெயின்ட்டை சூடாக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா மடக்குற ஆளா பார்த்துக் கொடுங்க, முடிஞ்ச அன்னைக்கே உள்பக்கம் சீலரும் ப்ரைமரும் அடிக்கச் சொல்லுங்க. என் வண்டில வலது பின்பக்கம் மட்டும் இதைப் பண்ணினேன். சுத்தியல் வச்சு தட்டுறேன்னு சொல்ற ஆள்கிட்ட விடவே விடாதீங்க.

எல்லாம் முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட். போலோவுல பின்னாடி பீம் ஆக்ஸில், அங்க சாதாரணமா திருகி அட்ஜஸ்ட் பண்ண ஒண்ணும் கிடையாது, முன்னாடி டோ (மேல இருந்து பார்த்தா வீல் உள்ளயோ வெளியேயோ திரும்பி நிக்குற கோணம்) மட்டும் சரி பண்ணுவாங்க, இறக்கின வண்டிக்கு அதுவே அவசியம், இல்லைன்னா டயர் உள்பக்கமா தேஞ்சிடும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை மாத்துறதுக்கு கட்டுப்பாடு வச்சிருக்கு, 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லியிருக்கு. அதனால காசு போடுறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆஃபீஸ்லயும் உங்க இன்சூரன்ஸ்லயும் கேட்டுடுங்க. டயர் ஃபெண்டரைத் தாண்டி வெளியே நீட்டிக்கிட்டு நிக்குறது எப்படிப் பார்த்தாலும் வேண்டாம், பக்கத்துல பைக்ல போறவங்க மேல கல்லு தெறிக்கும்.

100 கிலோமீட்டர் ஓடினதும் வண்டி ஆறின பிறகு போல்ட்டெல்லாம் மறுபடி 120ல செக் பண்ணுங்க. ஒரு மாசம் கழிச்சு டார்ச் அடிச்சு லைனரை ஒரு தடவை பாருங்க. எங்கயாவது மட்டும் தூசி இல்லாம கருப்பா பளபளன்னு இருந்தா டயர் அங்க தொட்டுட்டுப் போயிருக்கு, அந்த இடத்துல திரும்ப ஒரு உருண்டை மாவு ஒட்டுங்க.