சிட்னியிலிருந்து பெர்த்: உள்நாட்டுப் பயணம்தான், ஆனால் பக்கத்து ஊர் இல்லை

சிட்னிக்கு வந்து ஒரு மாதம் ஆவதற்குள் ஊரிலிருந்து போனில் சொல்வார்கள்: "பெர்த்துல நம்ம பெரியப்பா மகன் இருக்கான், ஒரு சனி ஞாயிறு போய்ப் பார்த்துட்டு வந்துடுப்பா." அவசியம் போங்கள். புது நாட்டில் சொந்தத்தின் முகம் பார்ப்பது பெரிய தெம்பு. ஆனால் சனி ஞாயிறு போதாது.

சிட்னி ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், பெர்த் மேற்குக் கரையில். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே சுமார் 3,280 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சிங்கப்பூரே 2,900 சொச்சம்தான். ரயிலில் போனால் மூன்று இரவுகள். விமானத்தில் போவதற்கு ஏறக்குறைய 5 மணி நேரம், திரும்புவதற்கு 4 மணி நேரத்துக்குச் சற்று மேல். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்றுதான் காரணம்: போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும்.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைக் கவனமாகப் படியுங்கள். கிளம்புவதும் இறங்குவதும் அந்தந்த ஊர் நேரம். அக்டோபர் முதல் ஞாயிறன்று சிட்னியில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அப்படியே இருக்கும். பெர்த்தில் அந்த வழக்கம் இல்லை. அதனால் ஜூலையில் 2 மணி நேர வித்தியாசம், ஜனவரியில் 3. முதல் டிசம்பரில் இது தெரியாமல், காலை ஏழு மணிக்கு பெர்த்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். அங்கே விடிகாலை நாலு. ஊரில் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறிப்போனாள்.

சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 6 வரை விமானங்களுக்கு ஊரடங்கு. கோடையில் (இங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) பெர்த்திலிருந்து மாலை 4 மணிக்குப் பிறகு கிளம்பினால் 11-க்குள் வந்து சேர முடியாது. எஞ்சுவது நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி விடிந்ததும் இறங்கும் விமானங்கள்தான். வானில் தூங்கக் கிடைப்பது நாலு மணி நேரம். புது வேலையில் சேர்ந்திருப்பவர்கள் ஞாயிறு இரவு அதில் ஏறி, திங்கள் காலை நேராக ஆபீஸ் போகும் திட்டம் போடாதீர்கள். ஒரு நாள் லீவு கேளுங்கள்.

பையில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். உள்நாடுதானே என்று மாம்பழம், பச்சைக் காய்கறி, கறிவேப்பிலை, தேன் எல்லாம் கட்டிக்கொண்டு போகக் கூடாது. பூச்சி, நோய் பரவாமல் இருக்க மேற்கு ஆஸ்திரேலியா தனியாகக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது; இறங்கும் இடத்திலேயே சோதனை உண்டு. முறுக்கு கொண்டு போங்கள்.

ஊரிலிருந்து பெற்றோர் முதலில் பெர்த் வீட்டுக்கு வருவதாக இருந்தால், சிட்னி வழியாக டிக்கெட் போடவே போடாதீர்கள். சிங்கப்பூரில் விமானம் மாறி வந்தால், அங்கிருந்து பெர்த் 5 மணி நேரம்தான். சிட்னிக்கோ 8 மணி நேரம். இங்கே குடிவரவு முடித்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, தள்ளி இருக்கும் உள்நாட்டு முனையத்துக்கு மாறி, வந்த திசையிலேயே இன்னும் 5 மணி நேரம் திரும்பிப் பறக்க வேண்டும். வயதானவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.