பழைய கேம் பாய் வாங்கும்போது பலரும் ஏமாறும் இடங்கள்

பளபளப்பைப் பார்த்து மயங்குவதுதான் முதல் தவறு. நின்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் கருவியான கேம் பாயின் முதல் மாடல் 1989ல் வந்தது. இத்தனை வருடம் கை மாறிய பிளாஸ்டிக்கில் ஒரு கீறலும் இல்லை, துளி மஞ்சளும் ஏறவில்லை என்றால், விற்பவரிடம் "பாடி மாற்றியதா?" என்று கேட்டுவிடுங்கள். புது பாடி தனியாகவே மலிவாகக் கிடைக்கிறது. மாற்றினால் தப்பில்லை, உள்ளே சர்க்யூட் போர்டு அசலாக இருந்தால் அது நல்ல சாமான்தான். அதை மறைத்து, கை படாத பீஸின் விலை கேட்பதுதான் ஏமாற்று. நிறத்தையும் பாருங்கள்: முதலில் வந்தது சாம்பல் நிறம். சிவப்பு, மஞ்சள், உள்பாகம் தெரியும் மாடல் எல்லாம் 1995ல்தான் வந்தன. "1989 மாடல், சிவப்பு" என்ற விளம்பரத்தை அப்படியே கடந்துவிடலாம்.

அடுத்தது, திரை பளிச்சென்று இருப்பதை நல்ல குணமாக எடுத்துக்கொள்வது. முதல் கேம் பாய், 1998ன் கேம் பாய் கலர், 2001ன் அட்வான்ஸ் மூன்றிலும் திரைக்கு விளக்கே கிடையாது. ஜன்னலோரமோ டியூப்லைட் அடியிலோ உட்கார்ந்துதான் ஆட வேண்டும். இருட்டில் ஒளிர்ந்தால் திரை மாற்றியிருக்கிறார்கள், அல்லது முழுக்கவே நகல். கார்ட்ரிட்ஜ் (கேம் அடங்கிய, செருகும் சின்னப் பெட்டி) போடாமலே உள்ளே பத்து இருபது கேம் ஓடினால் சந்தேகமே வேண்டாம், நகல்தான். 90களில் நம் ஊரில் பலர் வீட்டில் இருந்த பிரிக் கேமைக்கூட "கேம் பாய்" என்று போட்டு விற்கிறார்கள். கார்ட்ரிட்ஜ் செருகும் இடம் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அதிகப் பணம் போகிற இடம் அட்வான்ஸ் எஸ்பி, அதாவது அட்வான்ஸின் மடக்கும் மாடல். இதில் ஏஜிஎஸ்-001, ஏஜிஎஸ்-101 என்று இரண்டு வகை. 101ன் திரை நன்றாக இருக்கும், விலையும் கூட. அதனால் 001ன் பின்னால் 101 ஸ்டிக்கரை ஒட்டி விற்பவர்கள் உண்டு. ஸ்டிக்கரை நம்பாதீர்கள், திரைக்குக் கீழே நடுவில் இருக்கும் விளக்கு பட்டனை அழுத்துங்கள். 001ல் விளக்கு முழுதாக அணையும். 101ல் அணையாது, வெளிச்சம் கூடும் குறையும், அவ்வளவுதான்.

"ஆன் பண்ணினால் நின்டெண்டோ லோகோ வருகிறதே" என்று நிம்மதி அடைவதும் தவறு. அந்த லோகோவின் தரவு கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. பழைய கேம் பாய் அதை எடுத்துத் திரையில் இறக்கி, தன்னிடம் உள்ளதோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் அப்படியே நின்றுவிடும். போலி கார்ட்ரிட்ஜ் செய்கிறவர்கள் அந்தத் தரவையும் சேர்த்தே நகலெடுத்துவிடுகிறார்கள்.

கார்ட்ரிட்ஜ்தான் போலிகள் குவிந்து கிடக்கும் இடம், குறிப்பாக போக்கிமான். அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் என்றால் லேபிளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: அசலில் இரண்டு இலக்க எண் ஒன்று மை இல்லாமல் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். கீழே தங்க நிறத் தொடுமுனைகளுக்கு மேலே போர்டில் நின்டெண்டோ என்று குட்டியாக எழுதியிருக்கும். போக்கிமான் எமரால்ட் கேமில் "பேட்டரி தீர்ந்துவிட்டது" என்ற செய்தி வந்ததும் போலி என்று பயந்து திருப்பிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாவம், அசலிலும் அப்படி நடக்கும். அந்த பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும், சேவ் (ஆடிய இடம் வரை சேமித்தது) பத்திரமாக இருக்கும். ஆனால் இன்னொரு போக்கிமான் கேமான ஃபயர்ரெட் அசலில் பேட்டரியே கிடையாது. அதற்குள் பேட்டரி இருந்தால் போலி.

வெளி ஸ்க்ரூவை வைத்து முடிவு கட்டாதீர்கள். அசலில் மூன்று கோடு உள்ள ஸ்க்ரூதான், ஆனால் மாற்று பாடியோடும் அதே வகை இப்போது வருகிறது. போர்டின் படத்தைக் கேளுங்கள். முதல் கேம் பாயின் பெரிய சிப்பில் டிஎம்ஜி-சிபியு என்றும் நின்டெண்டோ என்றும் அச்சிட்டிருக்கும். அட்வான்ஸில் சிபியு ஏஜிபி. நகல்களில் பெரும்பாலும் சிப்புக்குப் பதிலாக ஒரு கறுப்புப் பசைத் துளிதான் இருக்கும். படம் அனுப்ப மறுத்தால், மாற்று பாடி போட்ட பீஸுக்குரிய விலைக்கு மேல் பேச வேண்டாம்.