செட் மாதிரியில் சுவர் வளைந்தது: சரிசெய்த விதம்

1:25 அளவு நாடக மேடை மாதிரி. பெயின்ட் காய்ந்ததும் பின்சுவர் வில்லாக வளைந்து, மூலை ஒட்டைப் பிய்த்துக்கொண்டது. நிஜத்தில் 6 மீட்டர் உயரம், மாதிரியில் 240 மி.மீ.; 1.5 மி.மீ. அட்டை.

குற்றம் பசையில் இல்லை. தண்ணீர் கலந்த பெயின்ட்டை ஒரு பக்கம் மட்டும் அடித்ததுதான் காரணம். ஈரத்தில் அட்டையின் நார் உப்பும். காயும்போது சுருங்கி, பூசிய பக்கமாக அட்டையை இழுக்கும்.

சுவரைக் கழற்றி, பின்பக்கமும் அதே பெயின்ட்டை அதே கனத்தில் அடித்தேன். நன்றாக உலர்ந்ததும் இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே வைத்து, மேலே தட்டையான பலகையும் கனமான புத்தகங்களும் ஏற்றி ஓர் இரவு விட்டேன். பிறகு 10 மி.மீ. அகல அட்டைப் பட்டைகளைப் பின்னால் 60 மி.மீ.க்கு ஒன்றாக ஒட்டினேன். பட்டையின் விளிம்புதான் சுவரில் படவேண்டும். படுக்கவைத்து ஒட்டினால் அதுவும் சேர்ந்து வளையும். நிறுத்தி ஒட்டினால் விறைப்பாக நிற்கும்.

இப்போது வெட்டியவுடன், கதவு ஜன்னல் திறப்புகளின் விளிம்பு உட்பட, ஈரம் அட்டைக்குள் இறங்காமலிருக்க இருபுறமும் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) பூசிவிடுகிறேன். பெயின்ட் அதன் மேல்தான்.

ஃபோம் போர்டுக்கு (இரு தாள்களுக்கு நடுவே ஃபோம் வைத்த அட்டை) மாறலாமே என்று தோன்றும். 5 மி.மீ. போர்டு இந்த அளவில் நிஜத்தின் 125 மி.மீ. கனச் சுவராகிவிடும், மெல்லிய மேடைத் தட்டிக்கு (மேடையில் சுவராக நிறுத்தும் தட்டையான பலகை) அது பொய்யான கனம். ஸ்ப்ரே பெயின்ட் பட்டால் வெட்டிய ஓரத்து ஃபோம் கரைந்தும் போகும்.